லடாக் போகிறோம்: மூன்று வண்டி, நான்கு பேர். ஸ்ப்ளெண்டர் தாங்குமா?

சமாதானபுரத்தான் | ஜூலை 6, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்த நாலு பேர் நாங்கள். வயது எல்லாருக்கும் முப்பத்தைந்தை ஒட்டி. பத்து வருடமாக வாட்ஸ்அப்பில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த லடாக் பயணம் இந்தச் செப்டம்பரில் நிஜமாகவே கிளம்புகிறது. ஆளுக்கு 18 நாள் லீவு சொல்லியாகிவிட்டது.

வண்டி மூன்று. ஒன்று 350 சிசி, போன வருடம் வாங்கியது. என்னுடையது 200 சிசி. மூன்றாவது 2011 மாடல் ஸ்ப்ளெண்டர். நாலாவது ஆளுக்கு லைசென்ஸ் உண்டு, வண்டி கிடையாது. அவன் என் பின்னால் உட்கார்ந்து வருவான்.

சிக்கல் ஸ்ப்ளெண்டரில்தான். அது அவன் அப்பா ஓட்டிய வண்டி. அவர் இப்போது இல்லை. "வந்தா இதுலதான் வருவேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். 350காரனோ "இவனை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு 300 கூடத் தாண்ட மாட்டோம், வேற வண்டி எடுக்கச் சொல்லு" என்கிறான். நடுவில் மத்தளம் நான்.

நம்ம ஊர் வழியாகப் போகிற நாலுவழிச் சாலையே நேராக ஸ்ரீநகர் வரை போகிறது என்பதில் ஒரு தைரியம். 100 சிசி வண்டி லடாக் தாங்குமா, தாங்காதா? யாராவது அடித்துச் சொல்லுங்கள்.

பட்டறை வண்ணார்பேட்டை | ஜூலை 6, இரவு 11:05

தாங்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள்.

2011 என்றால் கார்புரேட்டர் வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற பழைய முறை. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, நெல்லையில் ஊற்றின கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். பிளக் கறுக்கும், இழுவை குறையும், ஏற்றத்தில் முதல் கியரில் கிடந்து முனகும். ஆனால் ஏறிவிடும். லடாக்கின் பெரிய ஊரான லே போனதும் அங்குள்ள மெக்கானிக்கிடம் காட்டினால் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுப்பார், தேவைப்பட்டால் சின்ன ஜெட் (பெட்ரோல் போகிற துளை) போடுவார். பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற எஃப்ஐ வண்டி அதையே சென்சார் வைத்துத் தானே பார்த்துக்கொள்ளும்.

கிளம்பும் முன் கிளட்ச் பிளேட், இரண்டு வீல் பேரிங், கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்), டயர் எல்லாம் பாருங்கள். செயின் போடுவதென்றால் ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து செட்டாகப் போடுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் அதையும் தின்றுவிடும்.

அப்புறம் கிளட்ச் கேபிள். ஸ்பேரை வாங்கிப் பைக்குள் வைக்காதீர்கள். ஓடுகிற கேபிளோடு ஒட்டி, ஹேண்டிலில் இருந்து இன்ஜின் வரை, போக வேண்டிய வழியிலேயே புதுசையும் ஓட்டி டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிடுங்கள். பழையது அறுந்தால் முனையை மட்டும் மாற்றி மாட்டினால் ஆச்சு, அஞ்சு நிமிஷம். இல்லையென்றால் மழையில் டேங்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

துபாய் நெல்லை | ஜூலை 7, அதிகாலை 1:20

வண்டி தாங்கும், சரி. லீவு தாங்குமா மக்கா?

44-ம் நம்பர் சாலை கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து சோஜிலா கணவாய், திராஸ், கார்கில் வழியாக லே இன்னும் 420 சொச்சம். நெல்லையில் இருந்து எடுத்தாலும் மொத்தம் நாலாயிரத்தைத் தொடும். தினம் 400 ஓட்டினால் போவதற்கு மட்டும் பத்து நாள். திரும்ப பத்து நாள். உங்களிடம் இருப்பது 18. லே-யில் இறங்கி டீ குடிக்கக்கூட நேரம் இல்லை.

லே வரை விமானத்தில் போங்கள், அங்கே வண்டியை வாடகைக்கு எடுங்கள்.

சமாதானபுரத்தான் | ஜூலை 7, காலை 7:45

வாடகை வண்டி என்றால் ஸ்ப்ளெண்டர்காரன் வரமாட்டான். அவன் வராவிட்டால் நானும் போகப்போவதில்லை. தினம் 500 வைத்தால் எட்டு நாளில் போய்விடலாமே?

கல்லிடை அப்பளம் | ஜூலை 7, காலை 8:02

500 கிலோமீட்டரை கூகுள் மேப்பில் விரலால் தேய்க்கும்போது நல்லாத்தான் இருக்கும். தொடர்ந்து எட்டு நாள் தேய்ந்தால் தேய்வது வேறு இடம்.

350காரன் | ஜூலை 7, மதியம் 1:15

இந்த இழையின் லிங்க் எனக்கு வந்துவிட்டது. நான்தான் அந்த வில்லன் 350காரன்.

என் பக்கத்தையும் கேளுங்கள். என் வண்டி 80, 85-ல் தூங்கிக்கொண்டே போகும். ஸ்ப்ளெண்டர், லக்கேஜோடு 60-ஐத் தாண்டினால் நடுங்கும். நான் 60-ல் போனால் எனக்குத் தூக்கம் வரும். ஆளுக்கு ஆள் அவரவர் வேகத்தில் போய், சாப்பாட்டு நேரத்தில் ஓரிடத்தில் சேர்ந்துகொள்வோம் என்கிறேன். இதில் என்ன தப்பு?

பணகுடி காத்து | ஜூலை 7, இரவு 9:30

தம்பிகளா, எனக்கு 58 வயது. ரயில்வேயில் இருந்து ஓய்வு. நானும் கூட்டாளிகளும் பழைய 100 சிசி வண்டிகளில் ஒரு காலத்தில் நிறைய ஊர் சுற்றியிருக்கிறோம். அதில் பாதிப் பேர் இன்றைக்கு என்னோடு பேசுவதில்லை. அந்த அனுபவத்தில் கேட்கிறேன்: நீங்கள் நாலு பேரும் சேர்ந்து இதுவரை எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறீர்கள்? தனித்தனியாக ஓட்டினதைக் கேட்கவில்லை. சேர்ந்து.

லடாக்கை விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சு மணிக்குக் கிளம்புங்கள். நெல்லை, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு, திருவனந்தபுரம், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, மறுபடி நெல்லை. முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆடி மாதத்திலேயே போங்கள். செங்கோட்டையில் சாரல், தென்மலைக் காட்டில் கொட்டுகிற மழை, களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் நெரிசல், சாயங்காலம் முப்பந்தல் காத்து. ஒரே நாளில் எல்லாம் கிடைக்கும். லடாக்குக்கு என்னென்ன கட்டப்போகிறீர்களோ அத்தனையையும் கட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வரும்போது நாலு பேரும் பேசிக்கொண்டிருந்தால் லடாக்குக்கு டிக்கெட் போடலாம்.

350காரன் | ஜூலை 7, இரவு 9:52

அண்ணாச்சி, அது கல்யாண வீட்டுக்குப் போகிற ரோடு. அதில் என்ன டெஸ்ட்?

பணகுடி காத்து | ஜூலை 7, இரவு 10:10

போயிட்டு வந்து சொல்லுங்க தம்பி.

அம்பை ஸ்கூட்டர் | ஜூலை 8, காலை 10:40

மூன்று வருடம் முன்பு என் வீட்டுக்காரரோடு லடாக் போய் வந்தேன். லே வரை விமானம், அங்கிருந்து வாடகை வண்டி. அதனால் 'முழுசா ஓட்டிப் போனவள்' என்ற பட்டம் எனக்கு வேண்டாம். ஆனால் இங்கே யாரும் தொடாத நாலு விஷயம் இருக்கிறது.

முதலில் உயரம். நம்ம பொதிகை மலை உச்சி 1,868 மீட்டர். லே ஊரே 3,500 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. கார்துங் லா கணவாய் 5,359. நாங்கள் இறங்கின அன்றைக்கு மாடிப்படி ஏறினதற்கே எனக்குத் தலை இடித்தது. ஸ்ரீநகர் வழியாக ரோட்டில் ஏறினால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும், அது நல்லது. இருந்தாலும் லே-யில் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். சுற்றிப் பார்க்கிற திட்டத்தில் அந்த இரண்டு நாளைத் திருடாதீர்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

அடுத்தது போன். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் எடுக்காது. போஸ்ட்பெய்டு வேண்டும். நாலு பேரில் இரண்டு பேராவது, இரண்டு வேறு கம்பெனியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மழைக்கோட்டு. ஒரே உடுப்பாக இல்லாமல் கால்சட்டை தனியாக, மேல்சட்டை தனியாக இருக்கிறது வாங்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிற்கத்தான் வேண்டும், டீக்கு இல்லாவிட்டாலும் சிறுநீருக்கு. ஆம்பளைங்க ரோட்டோரம் சமாளிச்சிருவோம் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறீர்கள் பாருங்கள், மேலே போய்த் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, கேரளாவில் 2023 ஜூனில் இருந்து ரோட்டில் ஏஐ கேமரா வைத்திருக்கிறார்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட். ஒத்திகைக்குப் போகிறவர்கள் கவனம்.

கல்லிடை அப்பளம் | ஜூலை 8, காலை 11:15

அக்கா சொன்ன மூணாவது பாயின்டுக்கு ஒரு கும்பிடு.

காத்து பற்றி என் பங்குக்கு: ஒரு ஆடியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு சாக்கு அப்பளம் பின்னால் கட்டி எடுத்துப் போனேன். கனமே இல்லை, பாய்மரம் மாதிரி உயரம் மட்டும். வள்ளியூர் தாண்டினதில் இருந்து வண்டியை நான் ஓட்டவில்லை, அப்பளம்தான் ஓட்டியது. ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும் என்பார்கள், அப்பளத்துக்கு என்ன கணக்கு.

தென்காசி சாரல் | ஜூலை 8, மாலை 6:20

பணகுடி அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. மூன்று வண்டியில் எது முன்னால் போக வேண்டும்? எங்கள் குழுவில் அனுபவம் உள்ளவர் முன்னால், மெதுவானவர் நடுவில் என்று வைத்திருக்கிறோம்.

பணகுடி காத்து | ஜூலை 8, இரவு 8:45

பத்து வண்டி என்றால் உங்கள் முறை சரி. மூன்று வண்டிக்கு மெதுவானதுதான் முன்னால். அது போகிற வேகம்தான் அன்றைக்கு எல்லாருக்கும் வேகம். மெதுவானவனை நடுவிலோ பின்னாலோ போட்டால் என்ன ஆகும்? முன்னால் போகிறவன் அவனை அறியாமலே பத்து பத்தாக ஏற்றுவான். பின்னால் வருகிறவன் விடக்கூடாதென்று வண்டியை முறுக்குவான். தன் அளவுக்கு மீறி வளைவில் நுழைகிறவன் எப்போதும் அந்தக் கடைசி ஆள்தான்.

இன்னொன்று. பாதை பிரிகிற இடத்தில் முன்வண்டி நின்று, பின்வண்டி கண்ணில் படும் வரை அசையக்கூடாது. ஆளுக்கு ஆள் தனக்குப் பின்னால் வருகிறவனுக்கு மட்டும் பொறுப்பு. கண்ணாடியில் அவன் விளக்கு தெரியவில்லையா, வேகத்தைக் குறை. இன்னும் தெரியவில்லையா, நில். இதை ஒழுங்காகச் செய்தால் போனே வேண்டாம்.

தென்காசி சாரல் | ஜூலை 8, இரவு 9:10

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மெதுவானவருக்கு ரோடு படிக்கத் தெரியாவிட்டால்? முன்னால் இருப்பவர் குழி, மணல், ஆயில் எல்லாம் பார்த்துக் கைகாட்ட வேண்டும். வேகம் குறைவு என்பது தகுதி ஆகாது.

பணகுடி காத்து | ஜூலை 8, இரவு 9:25

அதுவும் நியாயம். அந்த ஸ்ப்ளெண்டர் தம்பி எப்படி ஓட்டுவார் என்று தெரியாமல் சொன்னேன்.

சமாதானபுரத்தான் | ஜூலை 8, இரவு 9:40

பதினாலு வருடமாகத் தினமும் ஓட்டுகிறான், இதுவரை கீழே போட்டதில்லை. அதிகம் பேசமாட்டான். எங்களில் நல்ல டிரைவர் அவன்தான் என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. சரி, ஆடி 11, ஞாயிறு, ஒத்திகை. 350காரன் "பரோட்டாவுக்காக வாரேன்" என்று ஒத்துக்கொண்டான்.

சமாதானபுரத்தான் | ஜூலை 29, இரவு 11:30

போய் வந்தாச்சு. நேற்றே எழுதியிருக்க வேண்டும், மனசு வரவில்லை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 5:20-க்கு வண்ணார்பேட்டையில் இருந்து கிளம்பினோம். மூன்று வண்டியிலும் முழு லக்கேஜ். 350-ல் இரண்டு பக்கப் பை, பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டை, முன்னால் புதுசாக மாட்டின பெரிய விண்ட்ஷீல்டு. ஸ்ப்ளெண்டரில் ஒரே ஒரு கித்தான் பை, சீட்டின் மேல் படுக்கவைத்து நைலான் கயிற்றால் கட்டு. யார் முன்னால் என்று பேசவே இல்லை. பேசாததால் 350 முன்னால் போனது.

ஆலங்குளம், பாவூர்சத்திரம் எல்லாம் வந்ததே தெரியவில்லை, ரோடு அப்படி. பரோட்டாவுக்குப் பேர்போன பிரானூர் பார்டரில் காலை ஏழு மணிக்கு யார் பரோட்டா போடுவார்கள் என்பதை 350காரன் யோசித்திருக்கவில்லை. செங்கோட்டையில் இட்லியோடு முடித்துக்கொண்டான். முகம் அங்கேயே கொஞ்சம் சுருங்கிவிட்டது.

புளியரை தாண்டி கோட்டைவாசல் எஸ் வளைவில் ஜல்லி லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. சாரலில் ரோடு கண்ணாடி மாதிரி. ஸ்ப்ளெண்டர் இரண்டாவது கியரில், அவசரமே படாமல், ஒரு லாரிக்குப் பின்னால் ஏறியது. 350 இரண்டு லாரிக்கு நடுவில் புகுந்து மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு நாங்கள் அவனைப் பார்க்கவில்லை.

கழுதுருட்டியில் பதிமூணு கண் ரயில் பாலத்தடியில் நிற்பான் என்று நினைத்தோம். 1904-ல் மீட்டர்கேஜுக்குத் திறந்த பாதை, 2018-ல் அகலப்பாதையாகித் திரும்ப ரயில் ஓடுகிறது. என் பின்னால் இருந்தவன் அங்கே போட்டோ எடுக்கத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தான். இறங்கிப் பார்த்தால் 350 இல்லை. போட்டோவும் எடுக்கவில்லை.

தென்மலையில் ரோடு பிரிகிறது. நேராகப் போனால் புனலூர். இடது பக்கம் திரும்பினால் குளத்துப்புழை. நாங்கள் போக வேண்டியது இடது. மழை சாத்துகிறது, போனில் சிக்னல் வருகிறது, போகிறது. ஸ்ப்ளெண்டர்காரன் முக்கில் வண்டியை ஸ்டாண்டு போட்டான். "நீங்க ரெண்டு பேரும் அந்தக் கடைக்குள்ள போங்க. நான் நிக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. ஒன்றே கால் மணி நேரம். மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, புனலூர் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான். நான் இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது டீயில் பாதி மழைத்தண்ணீர்.

350 புனலூர் வரைக்கும் போய்விட்டு, அங்கே சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில் "எங்கடே இருக்கீங்க, நான் எவ்வளவு நேரமா காத்துக் கிடக்கேன்" என்றான். போனை நான் பின்னால் இருந்தவனிடம் கொடுத்துவிட்டேன். நான் பேசியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அவன் திரும்பி வந்தபோது யாரும் சண்டை போடவில்லை. அதுதான் மோசம். மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு, அந்த அழகான ரப்பர் காட்டு ரோடு முழுக்க ஒருத்தரும் ஒருத்தரிடமும் பேசவில்லை. நெடுமங்காட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு மேஜை. சாம்பார் வாளியைக்கூட நேராகக் கேட்கவில்லை, சப்ளையரிடம் சொல்லி அனுப்பினோம். முப்பத்தைந்து வயது ஆட்கள்.

திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் வரை எழுபது சொச்சம் கிலோமீட்டர், மூன்று மணி நேரம் தின்றது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நிற்கும்போதுதான் ஸ்ப்ளெண்டரின் கட்டு தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். நைலான் கயிறு நனைந்து வழுக்கி, முடிச்சு இறங்கி, ஒரு முனை செயினுக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் சுற்றி இழுத்திருக்கும். அவன் இறங்கினான், பார்த்தான், "ச்சே" என்றான், கட்டினான். அன்றைக்கு அவன் பேசின இரண்டாவது வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முப்பந்தலில் இசக்கியம்மன் கோவிலில் எல்லா வண்டியும் நிற்கும், நாங்களும் நின்றோம். மணி ஆறேகால். காற்றாலைகள் எல்லாம் ஒரே திசையில், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கும்பிட வேண்டிய காத்து. அங்கேதான் ஸ்ப்ளெண்டர்காரன் மூன்றாவது தடவை வாயைத் திறந்தான். "இனி நான் முன்னால போறேன்." யாரும் மறுக்கவில்லை.

காவல்கிணறு சேர்ந்து நாலுவழிச் சாலையில் ஏறினோம். அவன் 45-ல் போனான். காத்து இடது பக்கத்தில் இருந்து அடித்தது. அவன் வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தபடியே நேர்கோட்டில் போனது, கைப்பிடியை இறுக்கவே இல்லை, தோள் தொங்கிக் கிடந்தது. பணகுடிக்கு முன்னால் 350காரனுக்குப் பொறுமை போய்விட்டது. வலது பக்கம் எடுத்து எங்களைத் தாண்டி, முன்னால் போன லாரியையும் தாண்டினான். லாரியின் மறைவில் இருக்கும் வரை ஒன்றும் இல்லை. லாரியின் மூக்கைத் தாண்டின மறு நொடி, காத்து அந்த விண்ட்ஷீல்டையும் மூட்டையையும் சேர்த்து அறைந்தது. வண்டி அப்படியே வலப்பக்கம், நடுத்திட்டுக்கு ஒரு முழம் வரை போனது. பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. விழவில்லை. பின்னால் இருந்து பார்த்த எனக்குக் கால் நடுங்கியது.

அவன் ஓரம் கட்டினான். ஸ்ப்ளெண்டர் மெதுவாக அவனைத் தாண்டிப் போய், பத்தடி தள்ளி நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். 350 ஸ்டார்ட் ஆகி விளக்கு கண்ணாடிக்குள் வந்ததும் கியரைப் போட்டான். நெல்லை வரை அப்படியே, 45-ல், வரிசையாக வந்தோம். வீடு சேர ராத்திரி ஒன்பது.

பட்டறை வண்ணார்பேட்டை | ஜூலை 30, காலை 7:10

விழாமல் வந்தீர்களே, அது போதும். அந்த விண்ட்ஷீல்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். உயரமான மூட்டையும் வேண்டாம். கனத்தை எல்லாம் பக்கப் பையில் கீழே இறக்குங்கள், சீட்டுக்கு மேலே படுக்கை மட்டும்.

பணகுடி காத்து | ஜூலை 30, காலை 8:30

லாரியின் மறைவில் போகும்போது நம்மை அறியாமலே கையைத் தளர்த்திச் சாய்வை நிமிர்த்தியிருப்போம். மறைவு விலகும்போது அறை விழும். காத்து நாளில் லாரியை முந்தவே கூடாது என்பதில்லை. முந்தும்போது, மறைவு முடியப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, வேகத்தை ஏற்றாமல், காத்து தள்ளும் பக்கத்தில் இடம் விட்டு, காத்து வரும் பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். காத்துக்கு எதிராகக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் உங்கள் நடுக்கமும் வண்டிக்குள் போகும். முட்டியால் டேங்கைப் பிடியுங்கள், கையைத் தளர்த்தி வையுங்கள். அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரிந்திருக்கிறது.

350காரன் | ஜூலை 30, இரவு 10:05

நண்பன் எழுதினதில் ஒரு திருத்தம்: நான் புனலூரில் காத்திருந்தது ஒன்றே கால் மணி நேரம் இல்லை, நாற்பது நிமிடம்தான். மீதி திரும்பி வந்த நேரம். மற்றதெல்லாம் அவன் எழுதினபடிதான்.

புனலூரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது உண்மையாகவே அவர்கள்தான் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன். ஸ்ப்ளெண்டர் பஞ்சர் ஆகியிருக்கும், அதனால்தான் லேட் என்று கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன் வேறு. தென்மலை முக்கில் மழையில் அவன் நிற்பதைத் தூரத்தில் இருந்து பார்த்தபோது முதலில் யாரோ போலீஸ்காரர் என்று நினைத்தேன்.

அவனிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லை. நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நானும் ஒரு துணியை எடுத்தேன். டீ வந்தது, குடித்தேன், வந்துவிட்டேன்.

துபாய் நெல்லை | ஜூலை 30, இரவு 11:40

அது போதும் மக்கா. இப்போ லீவு கணக்குக்கு வாங்க.

சமாதானபுரத்தான் | ஆகஸ்ட் 2, மாலை 5:50

லீவு கணக்கு: நாலு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். துபாய் அண்ணன் சொன்னதுதான் சரி, 18 நாளில் நெல்லையில் இருந்து ஓட்டிப் போய் ஓட்டி வருவது ஓட்டம் மட்டும்தான். வண்டிகளை டெல்லி வரை ரயிலில் பார்சல் போடுகிறோம். அங்கிருந்து ஜம்மு, ஸ்ரீநகர், கார்கில் வழியாக லே ஆயிரத்து இருநூறு சொச்சம். தினம் 200, 250-க்கு மேல் கிடையாது. லே-யில் இரண்டு நாள் படுக்கை, அம்பை அக்கா உத்தரவு.

பார்சல் ஆபீசில் கேட்டேன்: டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கக்கூடாது, ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும், கண்ணாடிகளைக் கழற்றிச் சாக்கு சுற்றித் தர வேண்டும். இன்னொரு கணக்கும் போட்டோம். முழு வழியும் ஓட்டியிருந்தால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஸ்ப்ளெண்டர் 135 லிட்டர் குடித்திருக்கும், 350 சுமார் 250 லிட்டர். இதை 350காரன் முன்னால் வாய்விட்டுப் படித்தேன். சிரித்தான்.

வரிசை: ஸ்ப்ளெண்டர், 350, நான். 350காரனே கேட்டான், தான் நடுவில் இருக்கிறேன் என்று.

தென்காசி சாரல் | ஆகஸ்ட் 2, இரவு 7:15

மெதுவானவர் முன்னால் போவதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் உங்கள் ஆள் மெதுவானவர் இல்லை, நிதானமானவர். அது வேறு. அடுத்த தடவை தென்காசி வழியாக வந்தால் சொல்லுங்கள், சாயங்காலமாக வாருங்கள், பரோட்டா என் கணக்கு.

ஸ்ப்ளெண்டர் 2011 | ஆகஸ்ட் 3, காலை 6:20

வணக்கம். இங்கே முதல் தடவை எழுதுகிறேன். பை கட்ட நைலான் கயிறு சரிவரவில்லை. சைக்கிள் டியூப் நல்லதா, பெல்ட் நல்லதா?

பட்டறை வண்ணார்பேட்டை | ஆகஸ்ட் 3, காலை 6:45

டியூப். நனைந்தாலும் இளகாது. நீளமாக இரண்டு கீற்று வெட்டி வைக்கிறேன், கடைக்கு வா தம்பி.